ஓடையைக் குடித்தவன் அக்காவுக்கு எழுதியது

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லாத பட்சத்தில் பதிலில் தெரிவிக்கவும். அத்தானின் இடது முழங்காலைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதவும். இங்கே உன் தம்பி பெண்டாட்டி சுகம். மகள் சுகம். நான் சுகமாக இல்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டு நடுச்சுவர் ஒற்றைச் செங்கல். இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த அடுத்த அறையில்தான் மகள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே பேனா.

போன மாதம் நீதான் சொன்னாய், "ரிட்டையராகி எட்டு வருஷம் ஆச்சு, நீ நாற்காலி மேல உட்கார்ந்திருக்கியா, நாற்காலி உன் மேல உட்கார்ந்திருக்கான்னே தெரியல, உன் பொண்ணு ஞாயித்துக்கிழமை ஆனா ஊரைக் கூட்டிக்கிட்டு நடக்கிறாளே, நீயும் கூடப் போ, காலும் நல்லாகும், அவளோட ரெண்டு வார்த்தை பேசின மாதிரியும் இருக்கும்" என்று. கால் நல்லாகவில்லை. பேச்சு வந்தது. எல்லாக் கேடும் அந்தப் பேச்சால்தான்.

அவள் எதற்கு நடக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் கொடுக்கும் விண்ணப்பங்களைப் பார்ப்பது அவள் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த விலாசங்களை எல்லாம் ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைத்துப் பார்த்திருக்கிறாள். புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் என்று நினைத்தால், அவை ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றில் தொடங்கி, வளைந்து வளைந்து, கடல் வரைக்கும் ஒரே கோடாக இறங்கினவாம். அந்தக் கோட்டில் ஒரு காலத்தில் ஓடை ஒன்று ஓடியது. இப்போது அது தெருக்களுக்கு அடியில், குழாய்க்குள், யார் கண்ணிலும் படாமல் போகிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஓடை பிறக்கும் இடத்திலிருந்து அது கடலில் விழும் இடம் வரைக்கும், அது எங்கெங்கே எந்தெந்தத் தெருவுக்குக் கீழே போகிறதோ அந்தந்தத் தெருவுக்கு மேலேயே நடத்திக் கூட்டிப் போகிறாள். பதினோரு கிலோமீட்டர்.

அக்கா, அந்த ஓடையைக் குழாய்க்குள் போட்டவன் நான். முழுசும் இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், வடிகால் பிரிவில் நான் ஓவர்சியராக இருந்தபோது. உனக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த வருஷம் உன் வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் அந்த வேலையைப் பற்றியே பேசினேன், நீ உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய்.

மகளுக்கு அப்போது நாலு வயசு. அவளுக்குத் தெரியாது. தெரிவித்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "யாரோ ஒரு மேதாவி ஆபீஸ்ல உட்கார்ந்து ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு, ஓடுற ஓடையைக் கொண்டுபோய்க் குழாய்க்குள்ள அடைச்சிருக்கான்ப்பா" என்றாள். அந்த மேதாவி நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் சாப்பாடு இருந்தது. மென்று விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு பக்கத்து வீட்டு நாய்க்குப் போய்விட்டது. அப்புறம் எப்படி எடுப்பது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் திரும்பி வந்து மேதாவியைத் திட்டுவாள், நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். இரண்டு வருஷம் என்னைத் திட்டுவதற்கு நானே துணை போயிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றதும் அவளுக்கு ஆச்சரியம். "வாங்க, ஆனா வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒண்ணு சொல்ல நீங்க ஒண்ணு திருத்த, அந்த வேலை வேண்டாம்" என்றாள். சரி என்றேன். அதற்கு மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து, "பதினோரு கிலோமீட்டர் இவர் வாயை மூடிக்கிட்டு வந்தா நான் அந்தக் கடல் வரைக்கும் உருண்டு வரேன்" என்றாள். அவள் வாக்கு பொய்த்ததே இல்லை.

விடியற்காலை குன்றுக்கு மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். இருபத்திரண்டு பேர். எல்லோரும் நடப்பதற்கென்றே தைத்த செருப்பும் தொப்பியும். நான் ஆபீசுக்குப் போட்டுப்போன கறுப்பு ஷூ. மகள் ஒரு பாறைமேல் ஏறி நின்று, "இந்தக் குன்று ஒரு வீட்டுக் கூரை மாதிரி. இந்தப் பக்கம் விழற மழை நம்ம கடலுக்குப் போகும். ஒரு கை அகலம் தள்ளி அந்தப் பக்கம் விழுந்தா, வேற ஊர், வேற ஆறு, வேற கடல்" என்றாள். நன்றாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கக் குனிந்தவன் பாசியில் கால் வைத்து, அந்த வேறு கடலுக்குப் போகிற பக்கமாகவே ஆறடி சறுக்கிப் போனேன். பல் டாக்டர் ஒருவர் கைத்தடியை நீட்டி இழுத்தார். வலது ஷூவின் அடித்தோல் பாதி பிரிந்து தொங்கியது. அதற்குப் பிறகு நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஷூ இரண்டு தடவை சத்தம் போட்டது.

ஓடை பிறக்கிற இடம் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு மணிக்கட்டுப் பருமன். மகள் அதில் ஒரு கண்ணாடி பாட்டிலை நிரப்பி, மூடி, என் கையில் கொடுத்து, "இந்தத் தண்ணி வெளிச்சத்துலயே கடல் வரைக்கும் போகணும். கடைசியில நாமதான் அதைக் கடல்ல ஊத்துவோம். நீங்க இதைப் பத்திரமாத் தூக்கிட்டு வந்தா போதும்ப்பா, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். வாயை மூடுவதற்குக் கையில் வேலை கொடுத்தாள் என்று புரிந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா. கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பூங்காக் குளம் வரைக்கும் ஓடை கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கு அடியில் நுழைந்து போனதுதான், காணவில்லை. மகள் நடைபாதையில் சாக்கட்டியால் அலை அலையாகக் கோடு போட்டுக்கொண்டே போக, நாங்கள் அதன்மேல் நடந்தோம். மேஜை நாற்காலி விற்கிற கடைக்காரர் ஒருவர் எங்களைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய், சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருந்த ஈரக்கறையைக் காட்டினார். "வருஷா வருஷம் இங்கதான் வந்து நிக்குது. கட்டிலுக்கெல்லாம் கால் ஊறிப்போகுது. எவன் போட்ட குழாயோ, கீழ டிப்போ பக்கம் ஆரம்பிக்கிற இடத்துலயே கோணல்" என்றார். எல்லோரும் ச்சு கொட்டினார்கள். நானும் கொட்டினேன். கொட்டாமல் நின்றால் சந்தேகம் வருமே.

அதைத் தாண்டினால் பஸ் டிப்போ. டிப்போவுக்குப் பின்னால் என் சந்து. அந்தக் காலத்தில் அங்கே இரண்டு பக்கமும் வீடு, நடுவில் ஓடை என்ற பெயரில் கறுப்பாக ஒன்று. அந்தத் தெருக்காரர்கள் மனுமேல் மனு போட்டார்கள், நாற்றம் தாங்கவில்லை, பிள்ளைகளுக்குக் கொசுக்கடி, மூடிக்கொடுங்கள் என்று. மூடினோம். வேலை முடிந்த அன்றைக்கு என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த ஸ்கேல் கதை எல்லாம் பொய், நான் இரண்டு மாசம் அந்தச் சந்தில் நடையாய் நடந்தேன். இப்போது அங்கே ஒரு துணி வெளுக்கும் கடை, ஒரு சைக்கிள் நிறுத்துமிடம், நடுவில் ஒரு வட்ட இரும்பு மூடி. மூடியில் நான் வைத்த வருஷம் அப்படியே இருந்தது.

மகள் அந்த மூடியைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தினாள். "இங்கதான் ஓடை கடைசியா வானத்தைப் பார்த்துச்சு. ஒரு நிமிஷம் பேசாம நிப்போம்" என்றாள். இருபத்திரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். அக்கா, தெரு பிழைக்கட்டும் என்று நான் போட்ட மூடிக்கு முன்னால் துக்கம். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. வெளுப்புக்கடைக்காரர் யார் செத்தது என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற மருந்துக்கடை அம்மா, வழி நெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர், நிமிஷம் முடிந்ததும், "இந்தக் குழாயைப் போட்ட ஆள் இப்ப உசுரோட இருக்காரா?" என்றார். மகள், "தெரியல. இருந்தா ஒருநாள் கூட்டிட்டு வந்து இதே இடத்துல நிக்க வைக்கணும்" என்றாள். நான் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் அடுத்தபடியாக, "அதுவும் பாருங்க, இவ்வளவு பெரிய ஓடைக்கு ரெண்டடிக் குழாய் போட்டிருக்காங்க" என்றாள். நான் என்ன செய்வேன் அக்கா. கொலைகாரன் என்று சொல், பொறுத்துக்கொள்கிறேன். ரெண்டடி என்று சொன்னால் எப்படி. சத்தியம், சங்கதி எல்லாம் மறந்து, "ரெண்டடியா, மூணடிம்மா அது, ரெண்டடியில எப்படித் தண்ணி போகும், அறிவுள்ளவன் போடுவானா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு முகமும் திரும்பின. பல் டாக்டர் மரியாதையாக, "நீங்க எந்தத் துறை சார்?" என்று கேட்டார். "நான் இவ அப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் என் பக்கமாக வந்து, "மூணடின்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். "ஆபீஸ்ல பேசிக்குவாங்க" என்றேன். என் ஷூ இரண்டு தடவை சத்தம் போட்டது.

அடுத்த மூன்று கிலோமீட்டர் என்ன பார்த்தோம் என்று கேட்காதே. காய்கறிச் சந்தை, ஒரு பாலம், பம்ப் ஹவுஸ், எல்லாம் கண் முன்னால் வந்தது, போனது. வெயில் ஏறிவிட்டது. பம்ப் ஹவுஸ் வாசலில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்தபோது ரத்த அழுத்த மாத்திரை ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து வாயில் போட்டேன். கையில் பாட்டில் இருந்தது. திறந்தேன். குடித்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது, ஆகவே மீதியையும் குடித்தேன். மூடியைத் திருகி முடித்த பிறகுதான் நான் என்ன குடித்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அங்கிருந்து கடல் ஒன்றரை கிலோமீட்டர். சந்தைப் பக்கம் திரும்பிப்போய்க் குழாயில் பிடித்து நிரப்பிவிடலாமா என்று ஒரு யோசனை. நிரப்பியிருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காலையில் பாறைமேல் நின்று அவள் அந்தக் கூரைக் கணக்கைச் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. என்னால் முடியவில்லை. காலி பாட்டிலை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

கடற்கரையில் ஓடை முடிகிற இடம் ஒரு சிமெண்ட் வாய். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொட்டி மணலில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு அலைக்குள் போகிறது. எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். மகள் ரொம்ப நிதானமாக, "காலையில நாம எடுத்த தண்ணி, பதினோரு கிலோமீட்டர் ஆகாயத்தைப் பார்த்துக்கிட்டே வந்து சேர்ந்திருக்கு" என்று சொல்லி என் பக்கம் கையை நீட்டினாள். கொடுத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணி எங்கப்பா?"

"மாத்திரை போட்டேம்மா."

"எல்லாமுமா?"

"பெரிய மாத்திரை."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். கோபம் இல்லை அக்கா. அலுப்பு. இந்த அப்பாவிடம் ஒரு பாட்டிலைக்கூட நம்பிக் கொடுக்க முடியவில்லையே என்கிற அலுப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, "இன்னொண்ணும் சொல்லணும்மா. டிப்போவுக்குப் பின்னால இருக்கே, அந்தக் குழாய், அதைப் போட்டது நான்தான். அந்த மேதாவி நான்தான். வேற யாரையும் தேட வேண்டாம்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அலைச்சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பல் டாக்டர் அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

மருந்துக்கடை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்த ஆள் இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பாருன்னு நினைச்சிருந்தேன்" என்றார். மகள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, வந்ததற்கு எல்லோருக்கும் நன்றி சொல்லி, பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள். என்னோடு அவள் பேச்சே இல்லை. சாப்பாட்டு மேஜையில் நான் ஒரு முழத் தூரத்தில் இருக்கும்போதே அவள் அம்மாவிடம், "ஓவர்சியர் சாருக்கு இன்னும் வேணுமான்னு கேளும்மா" என்கிறாள். சார் என்கிறாள் அக்கா, அது அறைந்ததை விட மோசம். சிவப்புப் புள்ளி வரைபடத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். டிப்போவுக்குக் கீழே இருக்கிற புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்று. எழுபத்தொரு வீட்டுக்குள் தண்ணீர். முப்பத்தொரு வருஷ சர்வீசில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லது என்று நினைத்தே செய்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது. பெண்டாட்டியிடம் சொன்னேன். "மூணடின்னு பெருமையா சொன்னீங்களாமே" என்கிறாள்.

ஆகவே அக்கா, உன் வீட்டுப் பின்பக்க அறையைத் தயவுசெய்து ஒழித்து வைக்கவும். இரண்டு மாசம் இருந்துவிட்டு வருகிறேன். அத்தானின் முழங்காலுக்கு ஒத்தாசையாக இருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். நானாகக் கிளம்பினால் ஓடிப்போய்விட்டான் என்று பேச்சாகும். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீயே நேரில் வந்து, ஏதாவது ஒரு காரணம் சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு போகவும். இதைவிட அவசரமாக உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உன் பிள்ளைகள் படிப்பிலும் உத்தியோகத்திலும் மேலே மேலே வந்து, மேலே வந்தபின் தாங்கள் செய்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டிய நிலைமை இல்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கடைசித் தம்பி

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. உறை கிடைக்காததால் இந்தக் கடிதம் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. இதற்கிடையில் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். புதன்கிழமை மகள் என் எதிரே வந்து உட்கார்ந்து, "ஏம்ப்பா சொல்லல?" என்றாள். "வாயில சாப்பாடு இருந்ததும்மா" என்றேன். "ரெண்டு வருஷமாவா?" என்றாள். அப்புறம், "வர்ற ஞாயிறு வாங்க. அந்த மூடிகிட்ட நீங்களே நின்னு, ஏன் போட்டீங்க, எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க. நான் திட்டுறதை விட அது மேல்" என்றாள். அக்கா, எனக்கு அன்றைக்கு ராஜமரியாதை. ஓடையைக் குழாயில் அடைத்தவரே நேரில் பேசுகிறார் என்று அறிவிப்பு போட்டாள். நாற்பது பேர் பதிவு செய்தார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன்.

தேதி எதுவும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, அந்த வேலையில் எனக்கு மட்டம் பார்த்து லெவல் எடுத்துக் கொடுத்தவர் இப்போதும் இந்த ஊரில்தான் இருக்கிறார், அவருக்கு நேற்று போன் போட்டேன். அவர், "சார், அந்தக் குழாயில தண்ணியே போகலையே" என்றார். லெவலைத் தப்பான குறியிலிருந்து எடுத்துவிட்டாராம். குழாயின் வாய் ஓடைக்கு ஒன்றேகால் அடி மேலே நின்றுவிட்டதாம். அடுத்த வருஷம் வேறு ஓவர்சியர் வந்து, பக்கத்திலேயே இன்னொரு குழாய் போட்டு ஓடையை அதற்குள் திருப்பி, என் குழாயின் வாயை அடைத்துவிட்டாராம். "உங்களைத்தான் ஸ்டோருக்கு மாத்திட்டாங்களே சார், வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்லல" என்றார். ஸ்டோருக்கு மாற்றியதை நான் பதவி உயர்வு என்று நினைத்தேன். அதைவிடக் கொடுமை, அந்த இரண்டாவது வேலைக்கான குழாய்களை ஸ்டோரிலிருந்து வெளியே அனுப்பியதும் நான்தானாம். அத்தனைக்கும் என் கையெழுத்தாம். எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவை எத்தனை அடி என்று அவரிடம் கேட்டேன். ரெண்டடி என்றார்.

இன்று காலை மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அப்ப நீங்க ஓடையைக் கொல்லலையே, நல்லதுதானே, எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள். "முப்பத்தொரு வருஷத்துல நான் செஞ்ச பெரிய வேலை அதும்மா" என்றேன். அவள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காகிதத்தைக் கொடுத்து, குழாயின் வாய் எங்கே, தண்ணீர் எங்கே என்று வரைந்து காட்டச் சொன்னாள். வரைந்தேன். ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை இதையே சொல்லுங்கப்பா" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அறையை ஒழிக்கவும் வேண்டாம். நாற்பது பேர் வருகிறார்கள். நீ வந்தால் நாற்பத்தொன்று. தயவுசெய்து வராதே.